எட்டுப் பாட்டிலும் அவன் இல்லை

அஜ்மானில் குடியிருந்து துபாயில் வேலை பார்ப்பவனுக்கு ஆயுளில் பாதி பேருந்திலேயே போய்விடும். எனக்கும் அப்படித்தான் போனது. பக்கத்து இருக்கைக்காரர்கள் தூங்குவார்கள், அல்லது ஊருக்கு வீடியோ கால் போட்டு மனைவியோடு சண்டை பிடிப்பார்கள். நான் கைப்பேசியில் கிழட்டு ராக் இசைக்காரர்களைப் பார்த்துக்கொண்டு போவேன்.

இவர்களின் பேட்டிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நரைத்த தாடி, தோல் சோபா, பின்னால் சுவரில் வரிசையாகக் கிட்டார்கள். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன் செய்த ஒரு ஆல்பத்தைப் பற்றி ஒரு இளைஞன் பயபக்தியோடு கேட்பான். அவர்களும் சொல்வார்கள். காசில்லை, தூக்கமில்லை, மாடிப்படிக்கட்டில் டிரம்ஸை வைத்துப் பதிந்தோம், பாடகனுக்கும் எனக்கும் கைகலப்பு. கடைசியில் எல்லோரும் ஒரே மாதிரி முடிப்பார்கள்: மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றையும் மாற்ற மாட்டேன். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றையும் மாற்ற வேண்டாதபடி ஒருவன் எப்படி வாழ்ந்திருக்க முடியும்? ஆனால் பழைய டிரம்மர் எங்கே என்று கேட்டால் மட்டும் அவர்களில் சிலர் மூக்கைச் சொறிவார்கள், பேச்சை மாற்றுவார்கள். அந்த இடத்தில் மட்டும் நான் அவர்களை நம்புவேன்.

ஏனென்றால் நானும் ஒரு ஆல்பம் செய்தவன். சிரிக்க வேண்டாம். எட்டுப் பாட்டு, ஒரு கேசட். யாரோ ஒரு புண்ணியவான் அதை இணையத்தில் ஏற்றி, வளைகுடாவின் முதல் தமிழ் ராக் ஆல்பம் இதுதான் என்று கீழே எழுதி வைத்திருக்கிறான். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. ஆனால் கிட்டார் பிடித்த பையன்கள் சிலர் அதைத் தேடிக் கேட்கிறார்கள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒருவன் யார் யாரிடமோ என்னை விசாரித்து, அலுவலக முகவரிக்குக் கடிதமே எழுதினான்.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது நாங்கள் மூன்று பேர். நான் பர் துபாயில் ஒரு கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன்; கிட்டார் என்னுடையது. பாடியவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். சாதாரணமாகப் பேசும்போதே தொண்டை கட்டியது போலிருக்கும்; பாடினால் அந்தக் குரல் சுவரைப் பெயர்க்கும். டிரம்ஸ் வாசித்தவன் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். சைட்டில் ஷட்டரிங் கார்பெண்டர், கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற வேலை. ஊரில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் வாசித்திருக்கிறான். எங்கள் இருவரையும் விட வயதில் சின்னவன். திறமையில் எங்களைவிடப் பெரியவன் என்பது எனக்கு அப்போதே தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாடகர் அஜ்மானில் ஒரு பழைய வில்லாவின் பின்னறையில் இருந்தார். ஒரு ஹோட்டல் இசைக்குழு கழித்துப் போட்ட டிரம்ஸை அங்கே கொண்டு வந்து வைத்தோம். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் லீவு. டிரம்ஸ்காரன் ஷார்ஜாவுக்கு வெளியே இருந்த தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இரண்டு வண்டி மாறி வருவான். சட்டைப்பையில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, கேசட்டில் பதிகிற ஒரு சின்ன ரெக்கார்டரை நடுவில் வைத்து ஆரம்பிப்போம். ஆரம்பிக்கும் முன் ஏசியை அணைத்தாக வேண்டும். அந்தக் காலத்து ஜன்னல் ஏசி, லாரி ஏறி வருகிற மாதிரிச் சத்தம் போடும். கோடையில் அஜ்மானில் ஏசியை அணைத்த அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர் ராக் வாசித்தோம் என்றால், எங்களுக்கு எவ்வளவு பைத்தியம் பிடித்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் பாடகருக்கும் வேர்த்தது என்றால் அவனுக்குக் கொட்டியது. நான் ஆறு நாள் ஏசி அறையில் கோடு போட்டுவிட்டு வருகிறவன். அவன் ஆறு நாள் வெயிலில் சுத்தியல் பிடித்துவிட்டு வருகிறவன். ஒரு பாட்டு முடிந்ததும் ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் அதன் முன்னால் நிற்பான். பிறகு அவனாகவே அணைத்துவிட்டு வந்து உட்காருவான். குச்சி கையிலிருந்து நழுவாமல் இருக்க விரலில் சைட்டில் கொடுக்கும் ஒட்டு டேப்பைச் சுற்றியிருப்பான். அப்படி ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து எட்டுப் பாட்டுக்கும் வாசித்துக் கொடுத்தான்.

பதிந்ததைத் திரும்பக் கேட்டபோது நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பாட்டும் கடைசியில் கொஞ்சம் மெதுவாகிவிடுகிறது. உண்மைதான், ஆகியிருந்தது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டால் தெரியும். பாடகர் சிரித்தார். "சனம் மணிக்கூட்டை வச்சுக்கொண்டோ பாட்டுக் கேக்கும்?" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை என்று சொன்னேன்.

அது பாதி உண்மை. மீதியை இன்றைக்குச் சொல்கிறேன். அந்த மாதம்தான் நான் ஒரு டிரம் மெஷின் வாங்கியிருந்தேன். ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் விசா கேன்சலாகி ஊர் போகும்போது விற்றது. பொத்தானை அமுக்கினால் பிசகாமல் அடிக்கும். வேர்க்காது, வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. அந்தச் சமயம் பார்த்து அவனை அபுதாபிக்கு மேற்கே பாலைவனத்துக்குள் ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். அங்கே வெள்ளிக்கிழமையும் டூட்டி. இனி அவன் வர முடியாது.

நாலே வெள்ளிக்கிழமையில் எட்டுப் பாட்டையும் மெஷினை வைத்து மறுபடி பதிந்தோம். அதே கேசட்டுகளின் மேலேயே பதிந்தோம். புதிது வாங்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவன் வாசித்தது ஒரு அடிகூட மிச்சமில்லாமல் அப்படித்தான் அழிந்தது. பாடகருக்கு முகம் சரியில்லை.

"ஐசே, பெடியனுக்கு ஒரு சொல்லுச் சொல்லும். அவன்ர அடியை அழிச்சுப்போட்டு அவனுக்குத் தெரியாமல் விடுறது சரியில்லை."

"லீவுக்குப் போறப்ப இங்கதானே வருவான். நேர்லயே சொல்லிக்கிறேன்," என்றேன்.

கேசட் அட்டையில் எங்கள் மூவரின் பெயரையும் போடவில்லை. அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பயம்தான். ஆளுக்கு ஒரு வேலைக்கு விசா, அந்த விசாவுக்குப் பொறுப்பேற்கிற அரபு முதலாளியாக ஒரு கஃபீல். அவர் அனுமதியில்லாமல் பாட்டு விற்கிறான் என்று யாராவது போட்டுக் கொடுத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதனால் கோடையில் எடுத்து வைத்திருந்த, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நாங்கள் மூவரும் முதுகைக் காட்டி நிற்கிற படத்தைப் போட்டோம். யார் என்ன வாசித்தார் என்று எங்கேயும் எழுதவில்லை.

அவன் லீவுக்குக் கிளம்பிய அன்று காலையில் என் அறைக்கு வந்தான். பிற்பகல் விமானம். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினோம். இங்கிருந்து ஊருக்குப் போகிற எல்லோரும் செய்கிற வேலைதான். ஒருவர் கயிற்றை இழுக்க இன்னொருவர் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்பது. முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. தங்கைக்கு ஒரு கனமான கம்பளி வாங்கியிருந்தான், பால்பவுடர் டின்கள், தைலம். நான் நூறு கேசட்டை எடுத்து முன்னால் வைத்தேன். அவன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பெட்டியிலிருந்து கம்பளியை உருவி என் கட்டிலில் போட்டான்.

"இது இருக்கட்டும்ணே, அடுத்த தடவை கொண்டுபோறேன். நம்ம வாசிச்சத ஊரு கேக்க வேணாமா?"

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம், நேரமும் இருந்தது. நான் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று அப்போதே டேப் ரெக்கார்டரில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அதன் மின்கம்பியை முன்னாலேயே பிடுங்கி வைத்திருந்தேன். அவ்வளவு யோசித்தவன் அதில் பாதி யோசனையை உண்மையைச் சொல்வதில் செலவழித்திருக்கலாம்.

ஊரில் அவன் அதைக் கேட்டிருப்பான். சாதாரண டேப் ரெக்கார்டர், கல்யாண வீட்டு ஒலிபெருக்கி. அந்த இரைச்சலில் மெஷின் எது மனிதன் எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதுவும் ஓரிரண்டு இடம் தவிர அவன் வாசித்த அடிகளையேதான் நான் மெஷினில் ஏற்றியிருந்தேன். அவன் ஐயப்படக் காரணமே இல்லை. லீவு முடிந்து வந்து மேலும் சில வருடம் சைட்டில் வேலை பார்த்தான், கல்யாணம் செய்தான், ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டான். இசைக்குழு அதற்குள் கலைந்துவிட்டது. பாடகர் சில வருடங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்தார். அவர் இறந்த செய்தி வந்தபோது நான் அழுதேன். கூடவே, இனி இது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற எண்ணமும் வந்தது. அந்த எண்ணம் வந்ததற்காக எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பெண் போன் செய்தாள். அவனுடைய மகள். துபாயில் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கும் நிறுவனத்தில் வேலை. அப்பாவை விசிட் விசாவில் ஒரு மாதத்துக்கு அழைத்து வந்திருக்கிறாளாம். உங்கள் ஆல்பத்தைப் பற்றி உங்கள் இரண்டு பேரையும் பேசவைத்துப் படமெடுத்து, இணையத்தில் போட வேண்டும் என்றாள். நான் பேருந்தில் பார்த்துச் சலித்த அதே மாதிரிப் பேட்டி. சரி என்று சொல்லும்போது எனக்கு உள்ளூரக் குஷியாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை என் அஜ்மான் வீட்டுக்கு வந்தார்கள். அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அப்படியேதாண்ணே இருக்கீங்க," என்றான். தொப்பையைத் தவிர, என்றேன். அவள் விளக்கையும் மைக்கையும் பொருத்தினாள். நான் பழைய ஞாபகத்தில் ஏசியை அணைக்கப் போனேன்.

"ஏசி ஓடட்டும் அங்கிள். அந்தச் சத்தத்தை அப்புறம் சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்."

அவனுக்கு அதைக் கேட்டு அப்படிச் சிரிப்பு. "அன்னிக்கு இது இருந்திருந்தா நான் பாதி எளைச்சிருக்க மாட்டேன்," என்றான். கீழே கஃப்டேரியாவில் மூன்று கரக் சாயா வாங்கி வருகிறேன் என்று அவனே கிளம்பிப் போனான்.

கதவு சாத்தியதும் அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"அங்கிள், ஷூட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இப்பல்லாம் ஒரு பாட்டுல இருந்து டிரம்ஸை மட்டும் தனியாப் பிரிக்கலாம். நான் எட்டுப் பாட்டையும் பிரிச்சுப் பாத்தேன்." ஒரு பொத்தானைத் தட்டினாள். என் மெஷின் அடித்தது. பாட்டும் கிட்டாரும் இல்லாமல், என் ஹாலில், பகல் வெளிச்சத்தில், ஒரே அளவில் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கும் மெதுவாகவில்லை. இவ்வளவு உயிரில்லாத ஒன்றுக்காகவா அதைச் செய்தோம் என்று தோன்றியது.

"இது மெஷின். யாரு கேட்டாலும் கண்டுபிடிச்சுடுவாங்க. ஆனா அப்பா நாந்தான் வாசிச்சேன்னு நான் பொறந்ததுல இருந்து சொல்லிட்டிருக்கார். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வார். கேமரா முன்னாடியும் சொல்வார். வீடியோவுக்குக் கீழ அவரைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. நான் அவர்கிட்ட கேக்கலை. உங்ககிட்ட கேக்கறேன். அப்பா பொய் சொல்றாரா?"

அவளுக்கு அப்பாவின் மீது கோபம் இல்லை. பயம்தான். தன் அப்பா பொய்யராக இருந்துவிடக் கூடாதே என்ற பயம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: உன் அப்பா வாசித்தார், நான் அழித்தேன். அவன் அவள் கண்ணில் நிமிர்ந்து நிற்பான். நான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். என் ஆல்பம், இணையத்துப் பையன்கள், அந்தக் கடிதம், எல்லாம் அந்த ஒரு நொடியில் என் கண் முன் வந்துபோயின.

"பொய்யெல்லாம் இல்லம்மா," என்றேன். "ரிகர்சலுக்கு உங்கப்பாதான் வருவார். ரெக்கார்டிங் முடியிற சமயம் அவரை அபுதாபி சைட்டுக்கு மாத்திட்டாங்க. அதான் மெஷினை வச்சோம். இத்தனை வருஷத்துல அவருக்கு ஞாபகம் மாறியிருக்கும். வயசாகுதுல்ல?"

இதில் எந்த வாக்கியத்தைத் தனியாக எடுத்தாலும் பெரிய பொய் கிடையாது. நான் அதில் கெட்டிக்காரன். அவள் பெருமூச்சு விட்டு, "தேங்க்ஸ் அங்கிள்," என்றாள்.

சாயா குடித்துவிட்டு உட்கார்ந்தோம். அவன் இஸ்திரி போட்ட சட்டையின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சத்தோடு ஆரம்பித்தான். ஏசியை அணைத்த கதையைச் சொன்னான். விரலில் டேப் சுற்றியதைச் சொன்னான். மூன்றாவது பாட்டில் நடுவில் ஓர் உருட்டு வருமே, அது எப்படித் தற்செயலாக வந்தது என்று தொடையில் தட்டிக் காட்டினான். அச்சு அசலாக அதேதான். நான் மெஷினில் ஏற்ற முடியாமல் விட்ட உருட்டு அது. கேசட்டில் அது கிடையாது; ஊரில் கேட்டபோதெல்லாம் அவன் மனமே அதை அங்கே போட்டுக் கேட்டிருக்க வேண்டும். அவன் கையில் மட்டும் இருந்தது.

"அப்பா," என்று மகள் மெதுவாகக் குறுக்கிட்டாள். "அது இருக்கட்டும்பா. கேம்ப் வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அவன் ஒரு நிமிடம் புரியாமல் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான். "அண்ணே, அந்த உருட்டு பத்தி நீங்க சொல்லுங்கண்ணே."

"எவ்வளவோ விஷயம்பா, எதைன்னு சொல்றது?" என்று சிரித்துவிட்டு நான் என் கிட்டாரைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். நன்றாகவே பேசினேன். இருபது நிமிடம் பேசினேன். இடையில், ஒன்றையும் மாற்ற மாட்டேன் என்றுகூடச் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் வீடியோ வந்தது. மகள் அப்பாவைக் காப்பாற்றியிருந்தாள். டிரம்ஸ் பற்றி அவன் பேசியது அத்தனையும் வெட்டப்பட்டிருந்தது. கேம்ப்பில் சமைத்தது, இரண்டு வண்டி மாறி வந்தது, பாடகரின் குரல், இவைதான் மிச்சம். என் முகத்துக்குக் கீழே "கிட்டார் கலைஞர், இசையமைப்பாளர்" என்று எழுத்து வந்தது. அவன் முகத்துக்குக் கீழே "இசைக்குழுவின் நண்பர்" என்று வந்தது. நான் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாம் தடவை அந்த எழுத்து வருகிற இடத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அவன் தனியாக டாக்ஸி பிடித்து வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஷூவைக் கழற்றி வாசலிலேயே நின்றான். பாப்பா எல்லாம் சொல்லுச்சு, என்றான்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்க மாதிரிதாண்ணே இருக்கு. கை வலிச்சதெல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க சொன்னா அது சரியாத்தான் இருக்கும். அது ரிகர்சலா இருந்திருக்கும். நான்தான் மனசுக்குள்ள பெருசாக்கிக்கிட்டேன் போல." அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "இத்தன வருசமா உங்க பாட்ட நான் வாசிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். மனசுல வச்சுக்காதீங்க. என்னைய மன்னிச்சுருங்கண்ணே."

அவன் கைகள் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தன. கீழே டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான்.

"பரவால்லப்பா, விடு," என்றேன்.